நூற்றைம்பத்து மூன்று ரூபாய் நாற்பது பைசா

தை மூன்றாம் வாரம்
பேராவூரணிக்குத் தெற்கே படிவக்கட்டோடு இறங்கினேன்.
இருபக்கத் தாள். முந்நூறு சேனல். எதிரே விலை.
பிடித்ததற்கு நேரே டிக் போட வேண்டும்.
தொகுப்பில் சேருவது எதுவும்
பத்தொன்பது ரூபாயைத் தாண்டக்கூடாதென்று
டெல்லியில் உத்தரவு.
அடிப்படை நூற்று முப்பது,
வரியோடு நூற்றைம்பத்து மூன்று ரூபாய் நாற்பது பைசா.
அந்த நாற்பது பைசாவை எந்தக் கையால் கொடுப்பது,
எந்தக் கையால் வாங்குவது,
அதற்கு உத்தரவில்லை.

இத்தனை வருஷம் மாசம் நூறு.
இல்லையென்றால் அடுத்த மாசம் இருநூறு.
அதுவும் இல்லையென்றால் ஒரு தார் பூவன்.
எல்லாருக்கும் எல்லாம் வரும்.
ஒருத்தருக்கும் புரியாத கன்னடச் செய்திகூட
எண்பத்தாறாவது பட்டனில் சும்மா ஓடும்.
யாரும் பார்ப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

வைரக்கண்ணு தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார்.
வெயில் நேரே தாளில் விழுந்தது.
கார்த்திகைக் காற்றில் அவருக்குச் சாய்ந்தது
எண்பத்தேழு தென்னை.
எனக்குச் சாய்ந்ததும் அதே எண்பத்தேழுதான்:
மரத்துக்கு மரம் கட்டித்தானே
ஊருக்குள் கேபிள் இழுத்திருந்தேன்.
நிவாரணத்துக்கு மரம் எண்ண வந்தவர்
என் கம்பியை எழுத
இந்தப் பாரத்தில் கட்டமில்லை என்றார்.

இப்போது மூங்கில் நட்டு இழுத்திருக்கிறேன்.
காக்கை உட்கார்ந்தால் செய்தி வாசிப்பவரின் வாய்
சதுரம் சதுரமாகப் போகும்.

"இது கவர்மெண்டு வச்ச வெலையா?"
"ஆமாண்ணே."
"நெல்லுக்கும் கவர்மெண்டுதான் வச்சிச்சி.
சிப்பத்துக்கு நாப்பது கையில குடுத்தாத்தான்
தராசுல ஏறுது.
ஒன் சீரியலுக்குக் கையில எவ்வளவு?"
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
மருமகளைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தார்.
அது டிக் போட்டதைக் கூட்டிப் பார்த்தால்
முந்நூற்றுப் பதினெட்டு.
"வெலையக் கொறைக்கத்தான சட்டம் போட்டான்?" என்றது.
"அப்படித்தான் பேப்பரில் போட்டிருந்தது."

இருபது வீட்டில் ஆறு வீடு
தாளைக் கையால்கூட வாங்கவில்லை.
ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும் இழுத்ததில்
விளையாட்டு ஒரு பாதி, பாட்டு ஒரு பாதி.

கடைசியாக அடைக்கலமேரி.
குத்தகைக்கு நாலு மா.
வாய்க்காலுக்கும் கடைசி, என் கம்பிக்கும் கடைசி;
தண்ணீரும் சிக்னலும்
மேலேயே ஆளாளுக்கு எடுத்துக்கொண்டு
மிச்சம் இருந்தால் வரும்.
காற்றுக்குப் பிறகு அங்கே இரண்டுமே வரவில்லை.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
சீரியலைத் தாண்டினார், சினிமாவைத் தாண்டினார்,
ஜெபத்தையும் தாண்டினார்.
பின்பக்கம், கீழே, ஒன்றே ஒன்று.
எண்பத்தாறு. ஐம்பது பைசா.

"இது கன்னடமாச்சே."
"குடகுல பேஞ்சா அவன்தான் மொதல்ல எழுதுறான்.
கபினி எவ்வளவு, கேயாரெஸ்சு எவ்வளவு,
எல்லாம் ஓரத்துல ஓடும்.
நம்மூர்க்காரன் மறுநா சாயங்காலம் சொல்லுவான்,
அதுவும் வெளம்பரம் முடிஞ்சி."
"கன்னடம் தெரியுமா?"
"அடி தெரியும். கனஅடி தெரியும்."

சைக்கிளில் சாய்ந்தபடி கணக்குப் போட்டேன்.
நூற்று முப்பதில் மேலே உள்ள கம்பெனி போக
எனக்கு ஐம்பத்தெட்டரை.
அவர் வீட்டுக்குக் கம்பி வர நாலு மூங்கில் வேண்டும்.
மூங்கில் ஒன்று நூற்றிருபது.
மூங்கிலுக்கு யாரும் உச்சவரம்பு வைக்கவில்லை.

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.
அதற்குள் உள்ளே போய்
அரிசிப் பானைக்குள்ளிருந்து பணம் எடுத்துவந்தார்.
நூற்றைம்பது, அப்புறம் நாலு ஒற்றை ரூபாய்.
"ஆனிக்குள்ள வந்துரும்ல?"
எது என்று நான் கேட்கவில்லை.

ஐம்பது பைசாவுக்கு வரி ஒன்பது பைசா.
ஆக மொத்தம்
நூற்றைம்பத்து மூன்று ரூபாய் தொண்ணூற்றொன்பது பைசா.
நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்:
அடைக்கலமேரி.
நான் தரவேண்டிய பாக்கி ஒரு பைசா,
மூங்கில் நாலு.