பேனா முனையின் அகலம்

அங்குலத்துக்கு ஒரு மைல்.
அப்படியென்றால் என் பேனா முனையின் தடிப்பு
ஐம்பது அடி.
இதை டன்பார் துரைக்கு நான் சொல்லவில்லை.
அவர் கேட்கவுமில்லை.

சீனன்குடாவிலிருந்து துறைமுக வாய்வரைக்கும்
ஒரு கிளைப்பாதை, கரிக்கும் எண்ணெய்க்கும்.
யார் போடுவது என்பதுதான் வழக்கு.
கடற்படை தன் காசில் போடாதாம்,
லண்டனில் கஜானா காய்ந்து கிடக்கிறதாம்.
ஆகவே எழுபத்தைந்து வருடக் குத்தகைக்கு
ஏலம் போல ஒன்று,
ஏலம் என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு.

வாடை தொடங்கிய கிழமை
மூன்று பேர் வாடிவீட்டில் வந்து தங்கினார்கள்.
ஹம்பேர்க் லோட்ஸ், தண்டவாள வியாபாரி.
சட்டைப் பையில் ஒரு உருக்குத் துண்டு,
காண்பவரிடமெல்லாம் தட்டிக் காட்டுவார்
காசு சுண்டிப் பார்ப்பதுபோல.
மொரிட்டா, பல் வைத்தியர் என்றார்.
இரண்டு மாதத்தில் ஒரு பல்லும் பிடுங்கவில்லை,
சுவாமிமலையில் நின்று கப்பல் எண்ணினார்.
மூன்றாமவர் லண்டன் கம்பெனி ஸ்டாண்டிஷ்,
சொந்த இராச்சியத்தையே நம்பாத மனுசன்,
ரசீது இல்லாமல் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார்.

ஒரே மேசையில் பாரைமீன் பொரியல்.
உப்பை ஒருவருக்கொருவர்
வெகு மரியாதையாக நகர்த்தினார்கள்.
கோட்டை மானொன்று படியேறி வந்து
லோட்ஸின் ஓலைத்தொப்பியைத் தின்ற அன்று மட்டும்
மூவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

படம் ஒன்று. படியெடுப்பவன் நான்,
கச்சேரிப் பின்னறையில், மெழுகுத்துணியில்.
பகலில் அரசாங்கத்துக்கு ஒரு படி.
இரவில் இன்னும் மூன்று.
லோட்ஸ் நாற்பது ரூபா.
மொரிட்டா அறுபது, பேச்சில்லாமல்.
ஸ்டாண்டிஷ் பதினைந்து, அதற்கும் ஒப்பம் கேட்டார்.
‘மை, காகிதம் வகையில்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

துரோகம் என்று நீங்கள் சொல்லலாம்.
எந்தத் தேசத்துக்கு என்று
அன்றைக்கு யாரும் கேட்டிருந்தால்
நான் முழித்திருப்பேன்.

கோடு உப்பளத்தை ஒட்டிப் போனது.
கிழக்கே என் மச்சான் வயித்தியாம்பிள்ளையின் காணி,
நாகதாளியும் நாயுருவியும் தவிர
ஒன்றும் ஏறாத முக்கால் ஏக்கர்.
நட்டஈடு ஏக்கருக்கு முன்னூறு என்று பேச்சு.
தங்கச்சியின் தாலிக்கொடி அடகில்.
மை தோய்த்தேன். மூச்சைப் பிடித்தேன்.
ஒரு முனை அகலம், கிழக்கே.
நான்கு படியிலும் அப்படியே.
வல்லரசுகள் ஐம்பது அடி தள்ளி நின்றன,
ஒரு தாலிக்கொடிக்காக,
தெரியாமல்.

பிறகு நடந்ததெல்லாம் தந்திகள்.
லோட்ஸின் வங்கி சாத்திக்கொண்டது.
மொரிட்டா ஓர் இரவில் இல்லாமற் போனார்,
பல் பிடுங்கும் கதிரையை
சலூன்காரர் சவரிமுத்து எடுத்துக்கொண்டார்.
ஸ்டாண்டிஷ் உத்தரவாதம் கேட்டார்,
கொழும்பு லண்டனைக் கேட்டது,
லண்டன் திரும்பவும் ஒரு படம் கேட்டது.
டன்பார் துரை காய்ச்சலோடு கப்பலேறினார்.
ஒரு சிலிப்பர்க் கட்டைகூட இறங்கவில்லை.

கெசற் மட்டும் நின்றது.
‘றெயில்வே தேவைக்கு ஒதுக்கப்பட்டது.’
விற்கவும் ஏலாது, வீடு கட்டவும் ஏலாது.
நட்டஈடு, பாதை போட்டால்தான்.
மச்சான் என்னோடு பேசி ஒன்பது வருடம்.
அவன் ஆடுகள் மட்டும்
ஒதுக்கப்பட்ட நிலத்தில் மேய்கின்றன.

கொடி இறங்கியது, கொடி ஏறியது.
கெசற் இறங்கவில்லை.

போன செவ்வாய் கச்சேரிக்குப் புதியவர்கள் வந்தார்கள்,
வேறு பாஷை, வேறு சப்பாத்து.
என்னைப் பென்சனிலிருந்து கூப்பிட்டு
மேசையில் படத்தை விரித்தார்கள்.
ஓரங்களைச் செல் அரித்திருந்தது.
கோடு கறுப்பாக, அப்படியே.

கண்ணாடிக்காரப் பொடியன் ஒருவன்
உப்பளத்தடியில் விரலை வைத்தான்.
‘இந்த இடத்தில் ஏன் வளையுது ஐயா?
கீழே மண் சரியில்லையோ?’

‘ஓம்’ என்றேன்.
‘இளகின மண்.’

அவன் குறித்துக்கொண்டான்.