மீதி இரண்டு

ரிப்போர்ட் கார்டு வாங்கும் சனிக்கிழமை.
மூன்றாம் ஆண்டு வகுப்பின் குட்டி நாற்காலியில்
முழங்கால் தாடையை இடிக்க உட்கார்ந்திருந்தேன்.
கணித நோட்டைத் திருப்பிக் காட்டினார் புனிதமலர் டீச்சர்.
வரிசையாகச் சிவப்பு டிக்.
பிறகு ஒரு ஏழின் மேல் விரலை வைத்தார்.
"லோகித்தன் ஏழுக்கு இடுப்பில் கோடு போடமாட்டானே அம்மா."

ஃபேக்டரியில் பழகிய கோடு அது.
ஒன்றும் ஏழும் குழம்பிவிட்டால்
ஒரு லாட் சில்லு மொத்தமும் குப்பைக்கு.
பன்னிரண்டு வருடம் என்னைக் காப்பாற்றிய கோடு
அன்று காட்டிக்கொடுத்துவிட்டது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
"கணக்கை நீங்க போடாதீங்க.
அவன் போடும்போது பக்கத்தில் இருங்க.
தினமும் பதினைந்து நிமிடம் போதும்."

பதினைந்து நிமிடம்.
பாயான் லெப்பாஸ் போகிற பஸ்
பிறை அடுக்குமாடிக்குக் கீழே ஆறு இருபதுக்கு நிற்கும்.
அதற்குள் சோறு, சீருடை, கொண்டை,
கீழ்மாடி சிந்தாமணி அக்காவிடம் சாவி.
அவன் அப்பா லாரியோடு ஜோகூரில்.
வியாழன் வருவார், அல்லது வெள்ளி.

முதல் நாள், சொல்வதெழுதுதல்.
வாழைப்பழம் என்றேன்.
வாளப்பளம் என்று எழுதினான்.
அதட்டினேன்.
"நீங்க அப்படித்தான் சொன்னீங்க."
மறுபடி சொன்னேன். மறுபடியும் வாளப்பளம்தான்.
என் தாடையைப் பிடித்துக்கொண்டு,
"நாக்கை மடக்குங்கம்மா. இன்னும் உள்ளே. இன்னும்."
போன தேர்வில் அவன் இழந்த நான்கு மதிப்பெண்
என் நாக்கில் இருந்திருக்கிறது.

மலாய்ப் பாடத்தில் சும்மா எண்ண முடியாதாம்.
பென்சில் என்றால் செபாதாங்,
முட்டை செபிஜி, தாள் செஹெலாய்.
ஆள் என்றால்?
"செஓராங். அப்பா லாரியில செஓராங்.
நீங்க பஸ்ல செஓராங். நான் வீட்ல..."
நிறுத்திவிட்டு அழிப்பானைத் தேடினான்.
அது அவன் கையில்தான் இருந்தது.

அறிவியலில் பற்கள்.
என் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து எண்ணினான்.
கடைவாயில் ஒன்று குறைந்தது.
படத்தில் அதற்கு மட்டும் கறுப்பு.

நேற்று வகுத்தல். பதினேழை ஐந்தால்.
கொடியிலிருந்த துணிக் கிளிப்புகளைக் கழற்றி வந்தான்.
தரையில் ஐந்து தட்டு.
தட்டுக்கு நான்காகப் போட்டான்;
கடைசித் தட்டுக்கு ஒன்றுதான் கிடைத்தது.
விடை எனக்குத் தெரியும்.
கைகளைத் தொடைக்கடியில் திணித்துக்கொண்டேன்.
எல்லாவற்றையும் வாரி எடுத்தான்.
மணி ஆறு பன்னிரண்டு.
முதலிலிருந்து.
ஒவ்வொன்றாக, சீட்டுப் போடுகிறவன்போல்,
அவ்வளவு நிதானம் யாரிடமிருந்து வந்ததோ,
என்னிடமிருந்தில்லை.
கீழே பஸ் ஹாரன்.
தட்டுக்கு மூன்று. கையில் இரண்டு.

"இந்த ரெண்டு?" என்றேன்.
"யாருக்கும் சேராது. அதுதான் மீதி."
பென்சிலைக் கடித்தான்.
"ஆனா எழுதணும். எழுதாம விட்டா கணக்கு தப்பு."

படிகளில் ஓடினேன். மூன்றாவது மாடியில்
ஒரு செருப்பு கழன்று திரும்ப மாட்டினேன்.
பாலத்தின் நடுவில் நோர்லைலா
என் காலரைக் காட்டிச் சிரித்தாள்.
நீலக் கிளிப் ஒன்று.
பைவாரில் இன்னொன்று.
எப்போது மாட்டினான் தெரியவில்லை.

உள்ளே எதுவும் கொண்டுபோகக்கூடாது.
தோடு, கைப்பேசி, எல்லாம் லாக்கருக்குள்.
கிளிப்புகளைச் சோற்று டப்பாவில் கவ்வவிட்டுப் பூட்டினேன்.
முகமூடிக்குள் யாருக்கும் கேட்காமல்
வாழை, வாழை என்று நாக்கை மடக்கிக்கொண்டே
எந்திரத்தின் முன் நின்றேன்.
பதிவுத்தாளில் முதல் எண் நாற்பத்தேழு.
பேனா ஒரு நொடி தயங்கியது.
பிறகு இடுப்பில் கோட்டை இழுத்தேன்.
இது என் ஏழு.