கதவுக்குப் பின்னால் ஒட்டிய தாள்

ஜெலுத்தோங் இல்லத்தில்
ராத்திரி வேலை எனக்கு.
கதவுக்குப் பின்னால் ஒரு தாள்,
பொம்பாக்காரர்களுக்கென்று நான் மலாயில் எழுதியது:

சைரனை முச்சந்தியிலேயே நிறுத்திவிடவும்.
ஆ ஹெங்கின் தோளைத் தொட வேண்டாம்,
கையை நீட்டினால் அவனே பிடித்துக்கொள்வான்.
குமுதவல்லியைக் காணோமென்றால்
மாடி அலமாரி. திறக்குமுன் தட்டவும்.

போன மாதம் வந்த சார்ஜன்
படித்தார், படம் பிடித்துக்கொண்டார்,
"ஸ்டேஷனில் எல்லாருக்கும் சொல்லிவிடுகிறேன்" என்றார்.

நேற்று விடிகாலை மூன்றேகாலுக்கு
மின்பெட்டி புகைந்தது.
சைரன் வாசல்வரைக்கும் வந்தது.
வேறு ஷிப்ட். வேறு ஆட்கள்.

சாலையோரம் நிறுத்தி எண்ணினேன்,
ஆறு பேரில் ஐந்து.
முகமூடி மாட்டிக்கொண்டிருந்த பையனிடம்
மலாய் மறந்துபோய்
"தட்டு தம்பி, தட்டிட்டுத் திற" என்று கத்தினேன்,
காற்றில் இல்லாத கதவைத்
தட்டித் தட்டிக் காட்டினேன்.
ஓடிவிட்டான்.

மேல் ஜன்னல் திறந்திருந்தது.
தடித்த கையுறைக்குள்ளிருந்து
மூன்று தட்டு, மெதுவாக.

"யாரு?" என்றாள் குமுதவல்லி.

"பொம்பா" என்றான்,
சாப்பிடக் கூப்பிட்ட வீட்டு வாசலில்
பேர் சொல்கிறவன் மாதிரி.

காலையில்தான் பார்த்தேன்:
கதவைத் திறந்து வைத்தால்
தாள் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது,
யார் கண்ணிலும் படாது.
பிய்த்து எடுத்து
வெளிப்பக்கம் ஒட்டினேன்.