ஒன்றுக்கு முப்பத்தைந்து

தயாபரன் அனுப்பிய பெட்டி
கொழும்பில் பதினொரு நாள் நின்றது.
உள்ளே என்ன என்று கேட்டார்கள்.
விளையாட்டுச் சாமான் என்றேன்.
என்ன விளையாட்டுச் சாமான்?
டாங்கி என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம்
மின்விசிறிச் சத்தம் மட்டும்.

மகனுக்கென்று வாங்கினானாம். மகன் திறக்கவேயில்லை.
ஸ்காபரோவில் தூசி பிடிக்கிறது
உரும்பிராயில் பிடிக்கட்டும் என்று அனுப்பிவிட்டான்.
எனக்குப் பல்செட் செய்கிற கை.
சின்னச் சாமான் எதுவென்றாலும்
என் பக்கம் தள்ளிவிடுவது அவனுக்குப் பழக்கம்.

இருநூற்றுச் சொச்சம் துண்டுகள்,
சட்டங்களில் மீன்முள் மாதிரி.
பகலில் யாருடையதோ கடைவாய்க்கு
மெழுகு சுரண்டிய கத்தியால்
இரவில் சில்லுகளுக்குப் பிசிர் எடுத்தேன்.
முரசுக்கு ரோசா நிறம் தொடுகிற தூரிகை
பச்சையில் தோய்ந்தது.
மறுநாள் ஞானசோதி அன்ரியின் மேல்வரிசையில்
மெல்லிய பச்சைக் கோடொன்று. நல்லகாலம், நான் கண்டேன்.

சங்கிலிக்கு ஒரு பக்கத்துக்குத் தொண்ணூறு கண்ணி,
ஒவ்வொன்றாய்க் கொழுவ வேண்டும்.
எண்பத்தெட்டாவது கைநழுவி விழுந்தது.
டோர்ச் அடித்துத் தேடினேன்.
பூனை என்னைப் பார்த்தது, நான் பூனையைப் பார்த்தேன்.
இடப்பக்கச் சங்கிலி இப்போது
கொஞ்சம் இறுகித்தான் நிற்கிறது.

அடிமட்டம் கைக்கெட்டக் கிடந்தது.
சும்மாதான் அளந்தேன்.
அகலம் ஒன்பதரை சென்ரிமீற்றர்.

பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு
இரவு பத்து மணிக்கு வெளியே போய்
எங்கள் ஒழுங்கையை அளந்தேன்,
பழைய மதிலின் அத்திவாரத்திலிருந்து
எதிர்வீட்டுப் பூவரசு வேலி வரைக்கும்.
நாய்கள் குரைத்தன.
வந்து போனில் முப்பத்தைந்தால் பிரித்தேன்.
ஒன்பது.

அரை சென்ரிமீற்றர்.
எங்கள் மதிலோடு அவர்களுக்கு
ஒரு கோபமும் இருந்திருக்காது.
அந்தப் பக்கம் வேலியோடு கிணறு.
இந்தப் பக்கம் நாங்கள்.

ஒன்பது வயதில் நான் மூன்றரை.
தயாபரன் மூன்று.
பங்கர் வாய் இரண்டுக்கும் குறைவு,
எப்படிப் புகுந்தோமோ.

வீடியோவில் காட்டியதும் சண்டை பிடித்தான்.
"நிறம் பிழையெடி. கறுப்பெல்லோ அது."
"நீ எங்க பாத்தனி? என்ர முதுகுக்குப் பின்னாலதானே கிடந்தனி."
"கண்ணை மூடினாலும் தெரியும். கறுப்பு."
அப்படியே விட்டுவிட்டேன்.
முப்பது வருசமாக அவனிடம் இருக்கிற டாங்கி கறுப்பு.
அதற்கு நான் பூச்சுப் பூச ஏலாது.

மாதிரிப் படத்தில் பனி கொட்டிக் கிடந்தது.
நான் வாசல் மண்ணைத் தேத்தண்ணி வடியில் அரித்து
பசை தொட்டு அப்பினேன்.
சிவப்பு நன்றாகப் பிடித்தது. பிடிக்காமல் எங்கே போகும்.

எண் ஒட்டவில்லை.
எந்த எண்ணை ஒட்டினாலும்
இங்கே யாராவது ஒருவர் அதைக் கண்டிருப்பார்.

பெட்டிக்குள் ஒரேயொரு ஆள்தான்,
மேல்மூடியில் நிற்கிற தளபதி. இடுப்பு வரைக்கும் மட்டும்.
கீழே வெட்டித் தட்டையாய் இருந்தது.
அவரை நிறுத்த மனம் வரவில்லை.
மெழுகு டப்பாவுக்குள் படுத்திருக்கிறார்.

ஓட்டுநர் இல்லை.
அவருடைய இருக்கை மட்டும் உண்டு, பயறளவு.
அதன் முன்னே ஒரு துவாரம், ஊசிக்காது போல.
அதுவழியாகத்தான் யாரோ ஒருவர்
ஒருபக்கம் கிணற்றைக் கண்டு
மறுபக்கம் மதிலைக் கண்டு
ஒரு விநாடி, ஒருவேளை அரை விநாடி,
யோசித்திருக்க வேண்டும்.
அதுவரைக்கும் அது தானாக வந்ததென்றே
நான் நினைத்திருந்தேன்.

அவருடைய மூடிக்கு மட்டும் பசை வைக்கவில்லை.

அச்செடுத்த தாடைகளுக்கு நடுவே
தட்டில் வைத்துப் படம் அனுப்பினேன்.
இரண்டு நாள் கழித்துத் தயாபரன் எழுதினான்:
"முன்மூடி திறந்திருக்கு."
ஓம் என்று போட்டேன்.