ஒரு விரலுக்கான விளையாட்டுகள்

யதுர்சன் கட்டாருக்குப் போகும்போது விட்டுப்போன லப்டொப்பில்
அந்த நீளப் பட்டன் மட்டும்தான் சொன்னபடி கேட்கும்.
அதனால் நான் செய்வதெல்லாம்
ஒரு விரலுக்கான விளையாட்டுகள்.

முதலில் குழாய்க்கிணறு.
அழுத்து, விடு, அழுத்து, விடு.
பதினேழாவது அழுத்தில்தான் தண்ணீர்.
பதினாறில் களைத்தால் உள்ளே இறங்கிவிடும்,
பிறகு ஒன்றிலிருந்து.
விசுவமடுவில் இதை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அடுத்தது குரங்கு.
அழுத்தினால் தகரத்தில் தட்டும் சத்தம்.
மூன்று தரம் பயந்து ஓடும்,
நாலாம் தரம் கூரையிலேயே குந்தியிருந்து பார்க்கும்.
பிறகு எப்படியடி வெல்லுறது என்றாள் கௌதமி.
உங்கட வீட்டில எப்படி வெல்லுறனீங்கள்?
சிரித்தாள்.
திரும்பவும் முதலிலிருந்து விளையாடினாள்.

விடிய ஐந்து பத்துக்கு வரும் பஸ்,
நின்றபடி நித்திரை.
தலை சரியும் கணத்தில் அழுத்தவேண்டும்.
முந்தினாலும் பிழை, பிந்தினால்
முன்னால் நிற்பவளின் கொண்டைக் கிளிப் நெற்றியில்.

பஸ் போய் நிற்கும் இடத்தை நான் எழுதவில்லை.
மணிக்கு எண்பது கொலர்,
குறைந்தால் சிவப்பு லைட், கூடினால் பச்சை.
அதை ஏற்கெனவே யாரோ செய்துவைத்திருக்கிறார்கள்.

கடைசியாகச் செய்தது செவ்வாய்க்கிழமை.
நீலச் சேட், கறுப்புப் பை, கிழமைக்காசுக் கொப்பி.
மோட்டச்சைக்கிள் வளைவில் இரையும்போது அழுத்தினால்
பெண் கதவுக்குப் பின்னால் போவாள்.
விரலை எடுக்கக்கூடாது.
அவன் நாய்க்குச் சீட்டியடிப்பான்,
கொடியில் ஈரத்துணியைத் தொட்டுப் பார்ப்பான்,
வாசலில் செருப்புக் கிடக்கிறதா என்று குனிவான்.
இருபது செக்கன் தாண்டினால் வெற்றி.

அம்மாவுக்குக் காட்ட நினைக்கவில்லை.
பின்னால் வந்து நின்றுவிட்டா.

இது ஆர், நானோ?
இல்லையம்மா, சும்மா ஒரு பொம்பிளை.
சட்டை என்ர சட்டை.

பக்கத்தில் இருந்தா. வெங்காயம் மணக்கும் விரலைப்
பட்டனில் வைத்தா.
மோட்டச்சைக்கிள் இரைந்தது.
அமத்துங்கோ அம்மா, அமத்துங்கோ.
அமத்தவில்லை.
முற்றத்தில் நின்ற பெண்ணை நீலச் சேட் தொட,
ஆட்டம் முடிந்தது என்று வந்தது, சிவப்பில்.

எங்க முடிஞ்சது?
இனித்தானே தொடங்கும்.
கதிரை கேட்பான். இருப்பான்.
றோட்டுக்குக் கேட்கக் கத்துவான்.
வேலிக்கு அங்கால சுகிர்தம் நிக்கவேணும்,
இரண்டாயிரத்தைச் சுருட்டிப் பிடிச்சுக்கொண்டு.
அவளெங்க?

நான் அவளைப் போடவில்லை.

போடு.
அடுத்த கிழமை அவளுக்கு நான் நிக்கவேணும்,
அதையும் போடு.

ஒரு மணிவரை சுகிர்தத்தைக் கீறினேன்.
கையில் காசு வந்துவிட்டது,
வேலியில் பொட்டும் வைத்தாயிற்று.
பட்டன் ஒன்றுதானே இருக்கிறது, ஒளிக்கிறதை எடுத்தால்தான்
கூப்பிடுறதைப் போடலாம்.
எடுக்கவா விடவா என்று யோசித்தபடியே
பஸ்ஸில் ஏறினேன்.

தலை சரிந்தது.
அழுத்த மறந்துபோனேன்.