ராங் என்ற வினைச்சொல்

சூரியநாராயண செட்டித் தெருவில்
வலைக்கடைக்கும் பரோட்டா கடைக்கும் நடுவே
ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல், அட்டை கிழிந்த டிக்‌ஷனரி,
நான்.
கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
ஸ்க்ரீனில் எழுத்து லேசாக நடுங்கும்.

ஏகவல்லி வந்தபோது மணி மூன்று.
பதினோரு வருஷம் ஐஸ்தண்ணியில்
இறால் உரித்த விரல்கள்,
வெந்ததுபோல் வெளுத்து.
"இங்கிலீஷ்ல அடிச்சுக் குடு.
ஓனர் ஐதராபாத்துல கீறாரு.
தமிழ்ல போட்டா கவரோட குப்பைக்குப் போவுது."

இன்னா பண்ணாங்க என்றேன்.
"இன்னா பண்ணலன்னு கேளு."

எட்டு கிலோ உரித்தால்
ஏழேகால் என்கிறதாம் தராசு.
சீட்டிங், என்று அடித்தேன்.
"சீட்டிங்னா சீட்டுக் கம்பெனிக்காரன்
ராவோட ராவா ஓடுறதுதான?
இவன் ஓடலயே.
தெனமும் எதிர்லயே குந்தினுகீறான்."
சரிதான். ஏமாற்றுகிறவனுக்குக்
கொஞ்சமாவது பயம் இருக்க வேண்டும்.
அழித்தேன்.

பி.எஃப். கேட்ட மறுநாள்
கோல்டு ரூமுக்கு மாற்றினார்கள்.
க்ளவுஸ் தரவில்லை.
ஹராஸ்மென்ட், என்றேன்.
சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள்.
"அந்த வார்த்தை வாணாம் சார்.
வூட்ல வேற மாதிரி நெனப்பாங்க.
யாரும் மேல கை வெக்கல.
பேச்சுகூட கிடையாது.
க்ளவுஸ் மட்டுந்தான் குடுக்கல."

டிக்‌ஷனரியைப் புரட்டினேன்.
விக்டிமைஸ்:
உரிமையைக் கேட்டதற்காகவே
ஒருவரைப் பிடித்துத் தண்டிப்பது.
சொன்னேன்.
"இதுக்குன்னு தனியா ஒரு வார்த்தையா?"
கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தாள்.
"அப்ப அங்கயும் நடந்துகீது."

ஆப்ரெஸ் என்றும் ஒன்று இருந்தது.
நசுக்குவது.
அதை ஒருத்தர்மேல் மட்டும் செய்ய முடியாது,
கூட்டம் வேண்டும்.
கூட எத்தனை பேர் என்று கேட்டேன்.
"இருவத்திரண்டு. ஆனா அவங்கள சேக்காத.
அவங்களுக்கு வேலை வோணும்."

மிஞ்சியது ராங்.
"அது எனக்குத் தெரியும்" என்று முதல்முறையாகச் சிரித்தாள்.
ராங் சைடு. ராங் நம்பர்.
"தெரியாம வந்துட்டு
சாரி சொல்லி வெக்கிறது.
இவனுங்க சரியா என் நம்பருக்குத்தான் போட்டானுங்க."

இல்லை, அந்த ஊரில் ராங் ஒரு வினைச்சொல் என்றேன்.
ஓடு, உரி, நிறு மாதிரி.
ஒருத்தன் இன்னொருத்தியை ராங்குவான்.
நம்மிடம் அப்படி இல்லை.
அநியாயத்துக்குத் தானாக நடக்கக் கால் கிடையாது,
பண்ணு என்று ஓர் எடுபிடி வேண்டும் அதற்கு.
அவனும் வராத நாளில்
அநியாயம் சும்மா நடந்துவிடும்,
கொத்தவால்சாவடிப் பக்கம் மழை வந்த மாதிரி,
யாரும் பெய்யாமல்.

பிடித்திருந்தது அவளுக்கு. தலையாட்டினாள்.
அப்படியானால் பெயர் போட வேண்டும், என்றேன்.
யார் செய்தது?
யாரை என்பது இருக்கிறது, நீங்கள்தான்.
யார்?

டீ ஆறிக்கொண்டிருந்தது.
"அவன் எங்க தெருதான்.
அவன் பொண்டாட்டிக்குப் பிரசவம் பாத்தப்ப
கூட நின்னது நான்.
பேரு போடாம ஒரு வழி இல்லியா, இங்கிலீஷ்ல?"

இருந்தது.
எழுவாயை எடுத்துவிட்டு
வினையைத் திருப்பிப் போட்டால் போதும்.
செய்தவன் மறைந்துவிடுவான்,
செய்யப்பட்டவள் முன்னால் வந்து நிற்பாள்.
இங்கிலீஷிலும் மழை பெய்யும்.

அப்படியே அடித்தேன்.
படித்துக் காட்டச் சொன்னாள்.
புரியாததைக் கடைசி வரை கேட்டுவிட்டு
எங்கே தன் பெயர் வருகிறது என்று மட்டும்
விரல் வைத்துப் பார்த்தாள்.
வெளுத்த நுனி பட்ட இடத்தில்
மை லேசாக இழுபட்டது.

ஒன்றேகால் பக்கம்.
பக்கத்துக்கு நாற்பது என்று போர்டு இருக்கிறது.
எண்பது என்றேன்.
முந்தியில் முடிந்திருந்ததை அவிழ்த்து
எண்ணிக் கொடுத்தாள்.
முக்கால் பக்கம் வெள்ளையாக
மேலே தெரியும்படி மடித்துக்கொண்டு
காசிமேட்டுப் பக்கம் நடந்தாள்.
நான் டிக்‌ஷனரியை மூடவில்லை.
திறந்தும் பார்க்கவில்லை.