ஏழாம் நம்பர் குழாய்

பதினோரு நிமிடத்தில் நிறைவேறிவிட்டதாம்.
ஆம் என்போர் ஆம் என்றார்கள்.
இல்லை என்போர் முன்பே எழுந்து போயிருந்தார்கள்.
அந்நேரம் மண்டபம் வடக்குத் துறையில்
கிறிசாந்துவின் விசைப்படகுக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு லிட்டர் என்று
பேரேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.
ரேடியோவில் மேசை தட்டும் சத்தம்.
மீட்டர் பாட்டுக்கு ஓடியது.

பகை நாட்டிலிருந்து
நேராகவோ சுற்றியோ
கச்சாவாகவோ காய்ச்சியோ
ஒரு சொட்டும் இனி வரக்கூடாது.
நல்ல சட்டம்தான்.
கையில் பேனா இல்லாவிட்டால்
நானும் மேசையைத் தட்டியிருப்பேன்.

அந்த நாட்டுத் துறைமுகம் ஒன்றில்
ஏழாம் நம்பர் குழாயின் திருகை
திறப்பதும் மூடுவதும்
என் வீட்டுக்காரருக்கு வேலை.
நிஸ்தார் அலி, சொந்த ஊர் வேதாளை.
ஐந்தாம் தேதி பணம் வந்துவிடும்.
எண்ணெயை நிறுத்தியவர்கள்
அதை இன்னும் நிறுத்தவில்லை.

செய்தித்தாளில் சட்டத்தை முழுசாகப் போட்டிருந்தார்கள்.
இருமுறை படித்தேன்.
பிரிவு நான்கில்
எவையெல்லாம் பொருள் என்று ஒரு பட்டியல்:
தார், மெழுகு, நாப்தா, கரி எண்ணெய்.
புருஷன் அதில் இல்லை.
நோன்புக்கு அவர் வந்து இறங்கினால்
சட்டையில் ஊறியிருக்கும் வாடையை
எந்த உட்பிரிவில் சேர்ப்பார்கள்?

புதன்கிழமை சுற்றறிக்கை வந்தது.
‘இங்கு விற்கப்படுவது பகை நாட்டு எண்ணெய் அன்று’ என
நான்கு அங்குல எழுத்தில்
பலகை வைக்க வேண்டுமாம்.
கிறிசாந்து ஒரு சொட்டை விரலில் ஏந்தி முகர்ந்தான்.
“போன வாரம் அடிச்ச அதே நாத்தந்தானே அக்கா?”
“சர்டிபிகேட் இருக்குடா.”
இருக்கிறது.
மூன்று முத்திரை, ஊதா மை,
எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து.

எள்ளின் நெய்தான் எண்ணெய்.
பிறகு தேங்காயிலிருந்து வந்ததும் எண்ணெய்,
வேம்பிலிருந்து வந்ததும் எண்ணெய்,
மண்ணுக்கடியிலிருந்து வந்ததற்கு மண்ணெண்ணெய்.
எள் எப்போதோ கழன்றுபோனது.
பிறந்த இடத்தை மறப்பது
அந்தச் சொல்லுக்கே பழக்கம்.

ராத்திரி போனில் கேட்டேன்,
வேலை இருக்கிறதா என்று.
“இருக்காம என்ன? முன்னைவிட கூடத்தான்.
இங்க ஏத்துற கப்பல்
நடுக்கடல்ல இன்னொண்ணோட ஒட்டி நிக்கும்.
விடியறதுக்குள்ள பேரு மாறிடும்.
பெயிண்டு காயறதுக்கு முந்தி காயிதமும் மாறிடும்.”
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
“கொமட்டுதா? நேரத்துக்குச் சாப்புடு” என்றார்.
மாசமாக இருப்பதை
அவரிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.
அவர் சொன்னதை
நான் யாரிடமும் சொல்லவில்லை.
பிரிவு ஒன்பது:
தெரிந்தும் மறைத்தவருக்கு மூன்றாண்டு.

வெள்ளிக்கிழமை விலை
நாலு ரூபாய் எழுபது காசு ஏறியது.
ஈரத்துணியால் பழைய எண்ணை அழித்து
புதியதை எழுதினேன்.
கிறிசாந்து நாற்பது லிட்டர் குறைத்துக்கொண்டான்.
நாற்பது லிட்டர் தூரம்
அவனுக்குக் கடல் சுருங்கிவிட்டது.
அவன் பெண்டாட்டி எமல்தா
முதல் தடவையாக டெல்லியை வாழ்த்தினாள்.
“இனி கோட்டுப் பக்கம் போகமாட்டான்,
நேவிக்காரன் கையில சிக்கமாட்டான்.”
பனிக்கட்டிக்குக் காசு எண்ணிக்கொடுத்துவிட்டு,
“இறாலு அங்கிட்டுதான் கெடக்கு” என்றும்
அவளே சொன்னாள்.

பலகை வந்து இறங்கி மூன்று நாளாகிறது.
‘இங்கு விற்கப்படுவது’ வரை எழுதிவிட்டேன்.
மிச்சத்துக்கு இடம் போதவில்லை என்று
ஆய்வாளரிடம் சொல்லிக்கொள்ளலாம்.
எழுத்து நான்கு அங்குலம் என்றது அவர்கள்தானே.

இப்போது அங்கே விடிந்திருக்காது.
இரவு ஷிப்டில் அவர் திருகைத் திறக்கும் நேரம்.
இங்கே அடுத்த படகு ஹாரன் அடிக்கிறது.
குழாயைத் தூக்குகிறேன்.
விரலில் வழிந்ததை இன்று துடைக்கவில்லை.
யாரும் பார்க்காதபோது
மூக்கருகே கொண்டுபோகிறேன்.
டீசல் வாடைதான்.